பழைய வண்டில் தெரு ஒன்றுக்கு 'வரலாற்று வீதி' என்ற தகுதியைப் பெற வழி உண்டா?

பூவரசடி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்து வடமராட்சியில், வயல்வெளியில் தொடங்கி எங்கள் ஊரை ஊடறுத்துக் கடற்கரைப் பக்கமாகப் போகும் பழைய வீதியொன்றைப் பற்றி இங்குள்ளவர்களிடம் ஆலோசனை கேட்க விரும்புகிறேன். ஊரின் பெயரை இப்போதைக்குச் சொல்லாமல் விடுகிறேன். விண்ணப்பத்தின் முதல் வரியைக்கூட இன்னும் எழுதவில்லை. அதற்குள் ஊரில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது.

வீதியின் நீளம் ஏறக்குறைய இரண்டு கட்டை. (வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: எங்கள் பேச்சில் கட்டை என்றால் மைல்.) பிரதேச சபையின் பதிவேட்டில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் எழுபது வயதைத் தாண்டியவர்கள் எவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, 'வண்டில் தெரு' என்றே சொல்வார்கள். திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணப் புகையிலையில் எங்கள் தோட்டங்களின் பங்கு இந்தத் தெருவால்தான் கடற்கரைக்குப் போனது என்றும், இரவில் வண்டில்கள் வரிசையாகப் போகும்போது படலையடியில் படுத்திருப்பவர்களுக்கு மாட்டுச் சலங்கை ஒலி விடியும் வரை கேட்கும் என்றும் என் ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆச்சியும் அதைத் தன் தாயாரிடம் கேட்டுத்தான் சொன்னார்.

இன்று அந்தத் தெருவில் எஞ்சியிருப்பவற்றைச் சொல்கிறேன். நடுவழியில் ஒரு மருதமரம் நிற்கிறது. அதை வெட்ட மனமில்லாமல் தெருவையே வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். மரத்துக்கு அப்பால் தலைச்சுமையை இறக்கி வைக்கும் ஒரு சுமைதாங்கி, அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் படிக்கட்டு இடிந்த ஒரு கேணி, கேணியின் கரையில் மாடுகள் முதுகு உரஞ்சி உரஞ்சி ஒரு பக்கம் கண்ணாடிபோல வழவழத்துப்போன ஆவுரஞ்சிக்கல். மடம் ஒன்று இருந்ததாம்; இப்போது அத்திவாரம் மட்டுமே புல்லுக்குள் தெரிகிறது. மேற்குப் பக்கத்தில் ஐம்பது யார் அளவுக்கு முருகைக்கல் மதில், மற்ற இடமெல்லாம் கிளுவையும் பூவரசும். தெரு முடிவதற்குச் சற்று முன்னால், சுண்ணாம்பு பூசிப் பூசி எழுத்தே மறைந்துபோன ஒரு மைல்கல் இருக்கிறது.

சென்ற மாதம் தெருவை அகலித்துக் காபெற் (வழவழப்பான தார்த்தளம்) போடப்போவதாகச் சொல்லி, இரு பக்கமும் சிவப்பு நிறம் பூசிய கட்டைகளை அடித்துவிட்டுப் போனார்கள். கிழக்குப் பக்கக் கட்டைகளை ஒரே கோட்டில் இணைத்துப் பார்த்தால் வடிகால் சுமைதாங்கியின் மேலாகவே போகிறது. அயலூர் ஒன்றில் இப்படித்தான் நடந்தது: பெக்கோ இயந்திரம் புரட்டிப்போட்ட சுமைதாங்கிக் கல்லை மதகின் அடியில் போட்டுக் கொங்கிறீற் இட்டு மூடிவிட்டார்கள். கேட்டபோது, 'நல்ல கல், வீணாகப் போகக்கூடாது' என்று பதில் வந்தது.

வேறு நாடுகளில் பழைய வீதிகளுக்கு 'வரலாற்று நெடுஞ்சாலை' என்ற அரசாங்கத் தகுதி கொடுக்கிறார்கள் என்று வாசித்திருக்கிறேன். இலங்கைச் சட்டத்தில் அப்படியொரு தகுதி இருக்கிறதா? இருந்தால் யாரிடம் கேட்பது? கிடைத்தால் தெருவுக்குத் தார்கூடப் போட முடியாமல் போகுமா, வேலி அடைப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டி வருமா? கடைசிக் கேள்வி என்னுடையது அல்ல. ஆனால் வீடு வீடாகப் போனபோது எல்லோரும் முதலில் கேட்டது அதுதான்.

மைல்கட்டை எழுதியது:

வடமாகாணத்தில் வீதி வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்ற தொழினுட்ப உத்தியோகத்தன் நான். தம்பி கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

முதலில், அந்தத் தெரு யாருடையது என்பதைப் பார்க்க வேண்டும். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. மிச்சமுள்ள தெருக்களும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சிச் சபைகளைச் சேர்ந்தவை. பதிவேட்டில் உள்ளது என்று சொன்னபடியால் உங்களுடையது பிரதேச சபை வீதி. இது உங்களுக்கு நல்லதுதான்; கொழும்புக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கத் தேவையில்லை, ஊரவர்கள் வாக்களித்து அனுப்பியவர்களே அந்த மேசையைச் சுற்றி இருக்கிறார்கள்.

இரண்டாவது, வகுப்பு என்பது வீதியின் வயதைப் பார்த்துக் கொடுப்பதல்ல. எந்த ஊர்களை இணைக்கிறது, எவ்வளவு வாகனம் போகிறது என்பதே கணக்கு. 2008 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கத் தேசியப் பெருந்தெருக்கள் சட்டத்தில் 'வரலாற்று வீதி' என்றொரு வகுப்பு இல்லை. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி போர்க்காலத்தில் எத்தனை முறை மூடித் திறந்தது, அதன் வழியாக எத்தனை பேர் மூட்டை முடிச்சுடன் நடந்தார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த வீதிக்கே சட்டத்தின் கண்ணில் அது ஏ வகுப்பு என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது.

மூன்றாவது, 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அது நினைவுச்சின்னங்களைப் பற்றியது. 1815 மார்ச் 2 ஆம் திகதி, அதாவது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள், அந்தச் சட்டத்தின் பழைய எல்லைக்கோடு. அதற்குப் பிந்திய கட்டடங்களையும் வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் மூலம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக்க இடமுண்டு. அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். ஆகவே சுமைதாங்கிக்கும் கேணிக்கும் அந்தக் கதவைத் தட்டலாம். தெரு முழுவதையும் ஒரே சின்னமாக அறிவிக்கச் சொல்லிக் கேட்டால், எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த அடுக்கு பழையது, தாருக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற கேள்விகளிலேயே விண்ணப்பம் படுத்துவிடும்.

ஆனால் ஒரு பொருளைக் காப்பாற்றினால் வீதியும் சேர்ந்து தப்பிவிடும். பருத்தித்துறையில் தும்பளை வீதியிலுள்ள தெருமூடி மடத்தைப் பாருங்கள். இரு பக்கமும் திண்ணை, தூண்கள், அவற்றின் மேலே தெருவைக் குறுக்காக மூடிய கூரை. போக்குவரத்து முழுவதும் மடத்தின் வயிற்றுக்குள்ளால் போய் வருகிறது. அந்த மடம் நிற்கும் வரை அவ்விடத்தில் வீதியை ஓரடி அகலிக்கவும் எவராலும் முடியாது. அறிவித்தல் பலகை எதுவும் செய்யாத வேலையை அந்தத் தூண்கள் செய்கின்றன.

இனி வேலைத்தளத்து விடயம். வீதியை அழிப்பது அகலிப்பு மட்டுமே என்று நினைக்காதீர்கள், உயர்த்துவதும் அழிப்புத்தான். ஒவ்வொரு முறையும் பழைய தளத்தின் மேலேயே கல்லைப் பரப்பி, உருட்டி, தார் ஊற்றிவிட்டுப் போவோம். நானும் அதைச் செய்தவன்தான். தளம் உயர உயர, பக்கத்தில் நிற்கும் சுமைதாங்கி கட்டையாகிக்கொண்டு போகும், மைல்கல் இலக்கம் வரைக்கும் மண்ணுக்குள் போகும், மாரி வெள்ளம் வீட்டுப் படலைக்குள் திரும்பும். கல் கீழே இறங்குவதில்லை. நாங்கள்தான் வீதியை அதன் கழுத்துக்கு ஏற்றுகிறோம். ஆகவே சபைக்கு எழுதும் கடிதத்தில், பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய தளத்தை இட வேண்டும் என்ற ஒரு வசனத்தைச் சேருங்கள். வரலாறு வேண்டாம் என்பவரும் அந்த வசனத்துக்குக் கையெழுத்து வைப்பார்.

வடிகாலை இரண்டு பக்கமும் போட்டாக வேண்டும் என்ற விதியும் இல்லை. நிலத்தின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஒன்று போதும் என்று வடிவமைத்த வீதிகள் எத்தனையோ உண்டு. ஆனால் இதையெல்லாம் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோருவதற்கு முன்னர் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிட்டால், ஒரு மதகை ஓரடி நகர்த்துவதற்கும் தனிக் கடிதம், தனி அனுமதி, தனிச் செலவு. கட்டை அடித்தாயிற்று என்பதற்காக ஒப்பந்தம் ஆயிற்று என்று அர்த்தமில்லை. நாளைக்கே போய் விசாரியுங்கள். இன்னொன்று: தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் 1998 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு அமைய 2000 ஆம் ஆண்டில் வெளியான வர்த்தமானிப்படி, 0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் நடக்கும் அபிவிருத்தி வேலைகளுக்குத் தொல்பொருள் தாக்க மதிப்பீடு தேவைப்படுகிறது. அகலிப்புக்காகப் புதிதாக எடுக்கும் நிலம் எவ்வளவு என்று கேட்டு வையுங்கள்.

கடைசியாக ஒன்று, கேள்விக்கு வெளியே. 1848 ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டப்படி 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஆணும் வருடத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்குப் பதிலாகப் பணம் கட்ட வேண்டும். கண்டிப் பக்கம் அந்த ஆண்டில் கிளர்ச்சி வெடித்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். உங்கள் தெருவில் கல்லுடைத்தவர்களில் உங்கள் பூட்டனாரும் இருந்திருக்கலாம், கூலி இல்லாமல்.

கிளுவைவேலி எழுதியது:

மேலே எழுதிய ஐயாவின் மேல் மரியாதை உண்டு; ஆனாலும் நான் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் இதைப் போன்ற ஒரு பழைய தெருவின் கரையில் மூன்று பரப்புக் காணி இருக்கிறது; கிணறு தெருவிலிருந்து எட்டடிக்குள். அந்தக் காணியை விட்டு இரண்டு முறை ஓடி, இரண்டு முறையும் திரும்பி வந்து, பற்றையை வெட்டி, எல்லைக்கல்லைத் தேடி வேலி அடைத்தவர்கள் நாங்கள். 'வர்த்தமானி' என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு நெஞ்சு திடுக்கிடும். தொல்பொருள் இடம் என்ற பெயரில் தகராறு நடக்கும் குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் செய்தியில் வராத மாதம் அரிதாக இருக்கிற காலத்தில், தொல்பொருள் சின்னம் ஒன்று எங்கள் வாசலில் இருக்கிறது என்று நாங்களே எழுதிக் கொடுப்பதா? இன்று கல்லுக்கு அறிவிப்பார்கள்; நாளைக்கு கல்லைச் சுற்றி எத்தனை யார் என்று சங்கிலி பிடிப்பார்கள்.

அடுத்தது, காபெற். வரலாற்றைப் பார்க்க வருபவர் பங்குனி வெயிலில் வருவார், படம் எடுப்பார், போவார். கார்த்திகையில் முழங்கால் சேற்றில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போவது எங்கள் பிள்ளைகள். என் தாயாரை ஒரு மழை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஓட்டோ, அரைக் கட்டை தூரத்துக்கு இருபது நிமிடம் எடுத்தது. நல்ல தெரு வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பதற்கு எனக்கு மனமில்லை.

சுமைதாங்கியைப் புரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் முன்னால் விளக்கு வைத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். தகுதி, பட்டம், பலகை என்று பெரிதாகப் போகாமல், கல்லை விட்டுவிட்டுத் தெருவைப் போடு என்று கேட்க முடியாதா என்பதே என் கேள்வி.

பேர்ண்வாசி எழுதியது:

நான் சுவிற்சர்லாந்தில் முப்பது வருடமாக இருப்பவன். சொந்த ஊர் தென்மராட்சி. பூவரசடி 'வேறு நாடுகளில்' என்று எழுதியதைப் பார்த்த பின்னர், நான் வாழும் நாட்டில் இதை எப்படிச் செய்தார்கள் என்று சொல்வது பயன்படும் என்று நினைத்தேன். கிளுவைவேலி கேட்ட கேள்விக்கும் அதில் பாதிப் பதில் இருக்கிறது.

இங்கே வரலாற்றுப் போக்குவரத்து வழிகளுக்கென்று நாடு தழுவிய ஒரு பட்டியல் உண்டு. 1984 இல் தொடங்கி 2003 வரை, ஏறக்குறைய இருபது வருடம், பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பழைய வரைபடங்களோடு வழிகளை நடந்து பார்த்து அதைத் தொகுத்தார்கள். முதலில் நடந்தார்கள், எழுதினார்கள், அளந்தார்கள். சட்ட வலுவுள்ள கட்டளை 2010 இல்தான் வந்தது. நாங்கள் தலைகீழாகத் தொடங்குகிறோம்: முதலில் பட்டத்தைக் கேட்கிறோம், எதற்குப் பட்டம் என்ற பட்டியல் கையில் இல்லை.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது வகைப்படுத்திய முறை. வழிகளை நாட்டு மட்டம், பிராந்திய மட்டம், ஊர் மட்டம் என்று பிரித்திருக்கிறார்கள். அது எல்லோரும் செய்வது. அதற்கு மேல் இன்னொரு கேள்வியையும் கேட்டிருக்கிறார்கள்: பழைய வழியின் உடல் இன்னும் மிச்சமிருக்கிறதா? கல் பாவிய தளம், தாங்கு மதில், வழியோர மரவரிசை, பழைய பாலம் ஆகியவை நிறைய எஞ்சியிருந்தால் ஒரு தரம். ஓரளவு எஞ்சியிருந்தால் இன்னொரு தரம். வழி அதே தடத்தில் போகிறது, ஆனால் தார் போட்டு எல்லாம் மறைந்துவிட்டது என்றால் அதைத் 'தடம்' என்று மட்டும் குறிக்கிறார்கள். ஒரே வீதியில் ஒரு துண்டு முதலாந் தரத்திலும் அடுத்த துண்டு வெறும் தடமாகவும் இருக்கும். பேர்ணைச் சுற்றியுள்ள காடுகளில் வண்டிச் சக்கரமும் மழைநீரும் நூற்றாண்டுக் கணக்கில் அரித்துத் தோண்டிய பள்ளவழிகள் உண்டு. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மண்கரை, நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். அந்தப் பள்ளமே பாதுகாக்கப்படும் பொருள். அதிலிருந்து அரைக் கிலோமீற்றர் தள்ளி அதே வழியில் பஸ் ஓடுகிறது; அதை யாரும் தடுக்கவில்லை.

பூவரசடியின் தெருவை இந்த முறையில் வெட்டிப் பாருங்கள். மருதடியிலிருந்து கேணி வரை ஒரு துண்டு, முருகைக்கல் மதில் உள்ள ஐம்பது யார் ஒரு துண்டு, மைல்கல் நிற்கும் இடம் ஒரு புள்ளி. மிச்சம் முழுவதும் தடம். அங்கே காபெற் போடட்டும், சைக்கிள் ஓடட்டும். இரண்டு கட்டைத் தெருவில் கால் கட்டைக்குக் குறைவான தூரத்துக்குத்தான் எவரும் எவரோடும் வாதாட வேண்டி வரும்.

பெயரை மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் 1926 இல் இலக்கம் பெற்ற 66 ஆம் இலக்க நெடுஞ்சாலையை, அகன்ற புதிய சாலைகள் வந்த பின்னர் 1985 இல் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பிறகு ஊர்களே திரண்டு 'வரலாற்று 66' என்று மண்ணிறப் பலகைகள் நடச் செய்தன. பலகை வந்த இடங்களில் உல்லாசப் பயணிகள் வந்தார்கள்; ஆனால் பலகை நட்ட காரணத்தால் மட்டும் எந்தப் பழைய பாலமும் இடிபடாமல் நின்றதில்லை. பாலத்துக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. மைல்கட்டை ஐயா தெருமூடி மடத்தைக் காட்டிச் சொன்னதும் இதுவே.

கேணியடி எழுதியது:

நான் வரலாறு கற்பித்த ஆசிரியை. நீண்டு எழுதப்போவதில்லை, விடுபட்ட இரண்டு விடயங்கள் மட்டும்.

பூவரசடி சுமைதாங்கியைச் சுமை இறக்கும் கல்லாக மட்டும் கருதுவதுபோலத் தோன்றியது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே வைத்து, தலைச்சுமையுடன் வருபவர் எவருடைய கையுதவியும் இல்லாமல் நின்றபடியே சுமையை மாற்றும் உயரத்தில் அமைப்பார்கள் என்பது சரி. ஆனால் எங்கள் வழக்கத்தில் பெரும்பாலும் அது கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய உறவினர் நாட்டுவது. இறக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் எல்லோருடைய சுமையையும் ஒரு கல் வாங்கிக்கொள்ளும். மேற்கல்லின் விளிம்பைத் தண்ணீர் விட்டுத் தும்பால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பெயர் வெட்டியிருந்தாலும் இருக்கும். இரும்புத் தகட்டால் சுரண்ட வேண்டாம். ஊரில் யாருடைய வீட்டுக் கல் அது என்று கேட்டால் ஒரு குடும்பம் கட்டாயம் முன்வரும். அந்தக் குடும்பத்தின் கையெழுத்து உங்கள் விண்ணப்பத்தில் முதலாவதாக இருக்கட்டும்.

மற்றது சான்று. தெரு பழையது என்று ஆச்சி சொன்னதைச் சபை எழுதிக்கொள்ளாது. காணி உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, தேடுங்கள். எங்கள் உறுதிகளில் நான்கு எல்லையும் எழுதாமல் ஒரு குழி நிலமும் கைமாறியதில்லை. தெருவோரக் காணி என்றால் ஓர் எல்லை தெருவாகவே இருக்கும். பழைய சீதன உறுதியில் 'வண்டிற் தெரு' என்றோ 'மடத்தடித் தெரு' என்றோ ஒரு சொல் கிடைத்தால், அந்த ஆண்டில் அந்தப் பெயரோடு அந்தத் தெரு இருந்தது என்பதற்கு நொத்தாரிசின் கையொப்பமே சாட்சி. காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். நில அளவைத் திணைக்களத்தின் ஒரு மைலை ஓர் அங்குலத்தில் காட்டும் பழைய வரைபடத்தையும் பாருங்கள். வண்டிப் பாதையை வேறு கோட்டாலும் கல் போட்ட வீதியை வேறு கோட்டாலும் காட்டியிருப்பார்கள்.

கிளுவைவேலி சொன்ன பயத்தை நான் லேசாக எடுக்க மாட்டேன். அதனால்தான் சொல்கிறேன், சின்னங்களின் பட்டியலை ஊரே எழுதி, ஊரின் தமிழில், ஊரின் பெயர்களோடு, சபையின் பதிவேட்டில் முதலில் ஏற்றுங்கள். நாங்கள் எழுதாமல் விட்ட இடத்தில் வேறொருவர் எழுதுவதற்குத்தான் நாங்கள் அஞ்ச வேண்டும்.

பூவரசடி எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரத்தில் நடந்ததைச் சொல்ல மீண்டும் வந்தேன்.

ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை. மதிப்பீட்டு நிலையில்தான் இருக்கிறது. மைல்கட்டை ஐயா 'நாளைக்கே போங்கள்' என்று எழுதியிருக்காவிட்டால் நான் இன்னும் விண்ணப்பத்தின் தலைப்பை யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு பேர் நாடாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு தெருவை அளந்தோம். சுமைதாங்கியின் மேற்கல் இப்போது வீதி மட்டத்திலிருந்து மூன்றடி இரண்டங்குலம்தான். எங்களோடு வந்த எண்பது வயதுப் பெரியவர் கல்லின் பக்கத்தில் நின்று, தான் இளந்தாரியாக இருந்தபோது அது தன் நெஞ்சுக்கு நேரே இருந்தது என்று கையை வைத்துக் காட்டினார். அவர் கை வைத்த இடத்துக்கும் இன்றைய கல்லுக்கும் இடையில் ஒன்றேகால் அடி வித்தியாசம். வயது போகப் போக ஆள் குறுகுவதையும் கணக்கில் எடுத்தால் இன்னும் கூடும் என்று அவரே சொல்லிச் சிரித்தார். கல்லின் அடியை ஓரமாகக் கிளறிப் பார்த்தபோது தார், சல்லி, மீண்டும் தார், அதன் கீழே வெள்ளைக் கல் பரப்பு என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

ஆசிரியை சொன்னபடி தும்பால் துடைத்தோம். பெயர் இல்லை, விளிம்பில் விளக்கு வைக்க ஒரு சிறு குழி மட்டும் இருக்கிறது, அதில் எண்ணெய்க் கறுப்பு இன்னும் போகவில்லை. கேட்டு விசாரித்ததில், தெருவின் தெற்குக் கோடியிலுள்ள ஒரு வீட்டார் அது தங்கள் பூட்டியின் தங்கைக்காக நட்ட கல் என்றார்கள். அதைச் சொன்ன அம்மா, இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றார்.

உறுதியும் கிடைத்தது. என் அம்மம்மாவின் தாயாருடைய சீதன உறுதியில், 'வடக்கு எல்லை வண்டிற் தெரு' என்று இருக்கிறது. இத்தனை வருடமும் அது எங்கள் வீட்டு றங்குப்பெட்டியின் அடியில், கடுதாசி உறைக்குள் மடித்துக் கிடந்திருக்கிறது. நான் ஊரெல்லாம் சான்று தேடித் திரிந்திருக்கிறேன்.

இப்போது சபைக்குக் கொடுத்திருப்பது 'வரலாற்று வீதி' விண்ணப்பம் அல்ல. பேர்ண்வாசி சொன்னபடி தெருவை ஒன்பது துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எந்த அளவில் இருக்கிறது என்று எழுதிய நான்கு பக்கப் பட்டியலும், அதோடு மூன்று கோரிக்கைகளும்: வடிகாலை மேற்குப் பக்கத்தில் மட்டும் அமைப்பது, பழைய தளத்தைச் சுரண்டிய பின்னரே காபெற் இடுவது, மருதடி வளைவை நேராக்காமல் விடுவது. பட்டியலைச் சபையின் வீதிப் பதிவேட்டோடு சேர்த்து வைக்கும்படி தீர்மானம் ஒன்றும் கேட்டிருக்கிறோம். வர்த்தமானி என்ற சொல் அந்த நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. கிளுவைவேலியைப் போன்றே பேசிய எங்கள் ஊரார் ஐவரில் நால்வர் கையெழுத்து வைத்தார்கள். ஐந்தாமவர் காபெற் வந்த பிறகு வைக்கிறேன் என்றார்.

சென்ற செவ்வாய்க்கிழமை தொழினுட்ப உத்தியோகத்தர் வந்து, எங்கள் முன்னிலையில் கிழக்குப் பக்கத்தில் நான்கு கட்டைகளைப் பிடுங்கி மூன்றடி உள்ளே தள்ளி அடித்தார். எழுத்தில் எதுவும் தரவில்லை. தீர்மானம் அடுத்த மாதச் சபைக் கூட்டத்துக்கு வருகிறது. வளைவைப் பற்றி மட்டும் அவர் தலையை ஆட்டியது ஆம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று எங்களுக்குள் இன்னும் வாதம் முடியவில்லை.

மைல்கட்டை ஐயாவிடம் ஒரு கேள்வி. மைல்கல்லின் சுண்ணாம்பை நனைத்து நனைத்து இரண்டு நாளாக உரித்ததில் ஓர் இலக்கம் தெரிகிறது. மூன்று போல இருக்கிறது, வால் உடைந்திருக்கிறது. பருத்தித்துறைச் சந்தியிலிருந்து அளந்தால் மூன்று கட்டை சரியாக வரவில்லை, அரைக் கட்டை கூடுகிறது. அந்தக் காலத்தில் எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவார்கள்?

மைல்கட்டை எழுதியது:

சந்தியிலிருந்து எண்ணாதீர்கள், துறைமுகத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். புகையிலை அங்கேதானே போனது. அப்படியும் சரிவராவிட்டால் கல்லை ஒருகாலத்தில் இடம் மாற்றி நட்டிருக்கிறார்கள். அடியைக் கிளறி, கீழே வெள்ளைக் கல் பரப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.